காலியாகவே இருக்கும் இடது இடுப்பு

பிச்சையம்மாளுக்கு,

அம்மன் பிரகதாம்பாள் அறிய, இதில் ஓர் எழுத்துக்கூடப் பொய்யில்லை. உன் கால்வலியைப் பார்த்துப் பெரிய குடத்தை நான் ஒளித்துவைத்த அன்று, "எங்காலு எனக்குத் தெரியும், ஒங்க சோலியப் பாருங்க" என்றாய். அதோடு மூன்று நாளாய்ப் பேச்சில்லை. அதனால் எழுதிவைத்துவிட்டு வேலைக்குப் போகிறேன்.

கீரனூர் இருளாயி நாற்பது வருஷம் வலது இடுப்பிலேயே குடம் சுமந்தாள். முதுகு ஒரு பக்கமாய் வளைந்துபோய், திருச்சிக்கென்று நேராக நடந்தாலும் கொடும்பாளூரில் போய் நின்றாள். அவள் முழங்கால் கிரீச்சிட்டதைக் கேட்டு, புருஷன் கதவுக்கு எண்ணெய் விட்டான். என் கண்ணால் பார்த்தேன்.

நீயும் இடது இடுப்பைப் பிள்ளைக்கென்று ஒதுக்கினாய். ரெங்கராஜ் மீசை வைத்து ரங்கூனுக்கே போய்விட்டான். இன்னும் அதைக் காலியாகவே வைத்திருக்கிறாய். சின்னக் குடம் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். இடுப்பை மாற்றி மாற்றித் தூக்கு.

சாயங்காலம் வைத்தியர் வருவார். "ஒண்ணுமில்லைங்க" என்று அனுப்பிவிடாதே. நேற்று நீ சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்ததைப் பார்த்தேன்.

சிவசாமி

கஞ்சி குடித்துவிட்டேன். சாவி உறியில் இருக்கிறது.

இன்னொன்று: இந்த வீட்டுக்கு ஒரு குடம் தண்ணீர்கூட நான் இதுவரை தூக்கி வந்ததில்லை.