அரச வேரும் குள்ளம்மாக்காவின் ஆடுகளும்

செப்டம்பர் 8, 2024, ஞாயிறு

ஓய்வு பெற்ற பிறகு எல்லா நாளும் ஞாயிறுதான். காலையில் கொல்லைப் பக்கம் போனேன். அடுத்த வீட்டுக் குள்ளம்மாக்காவின் ஆட்டுக்கொட்டகைக்கு மேலே சாய்ந்து நிற்கும் பாறையில், அரசங்கன்று என் உயரத்துக்கு வந்துவிட்டது. அது முளைத்த விரிசலில் போன வருடம் விரல்தான் நுழைந்தது. இன்று கையே போனது. கீழே ஆடுகள் படுத்து அசைபோடுகின்றன. பிளந்தால்?

செப்டம்பர் 10

அக்காவிடம் சொன்னேன்.

"பாடத்த ஆட்டுக்கு நடத்துங்க டீச்சர், அதுங்கதான் தலையாட்டும்."

விடுவேனா? பாறையில் ஒட்டியிருக்கும் சாம்பல் பச்சைக் கல்பாசித் திட்டுகளைக் காட்டினேன். அவையும் உயிர்தான். புளி பித்தளையில் வேலை செய்வது போல, கல்லின் மேல்தோலை மெல்ல மெல்ல அரிக்கும். உதிர்ந்த பொடி விரிசலில் மண்ணாகும். காக்கை எச்சத்தில் விதை வந்து விழும். அப்புறம் வேர்.

"டப்பா நெறைய கடலைய ஊறப்போட்டு மூடிய இறுக்குனா என்னாகுங்க்கா?"

"மூடி பிச்சுக்கும்."

"அதேதாங்க. அரசங்கன்ன வெட்டிரலாம்."

"அரச மரத்தையா? மொதல்ல கன்னத்துல போட்டுக்குங்க டீச்சர்!"

போட்டுக்கொண்டேன்.

செப்டம்பர் 11

மழை. கொட்டகையையே பார்த்துக்கொண்டிருந்ததில் பொரியல் தீய்ந்தது.

செப்டம்பர் 13, வெள்ளி

மாரியம்மன் கோயிலில் அக்கா பூ கேட்டார். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்பு ஒரு பொட்டலம். குலுக்கிப் போட்டு ஒன்றை எடுப்பது. வெள்ளை வந்தால் அம்மன் சம்மதம்.

"மரத்த வெட்டலாமா தாயே?"

சிவப்பு.

எனக்கு முகம் தொங்கிவிட்டது. சட்டென்று தோன்றியது — "ஆட்ட மாத்தலாமான்னு கேளுங்க்கா."

உடனே குலுக்கினார். "டீச்சர் வூட்டு வண்டி ஷெட்டுக்கு ஓட்டிட்டுப் போகட்டுமா தாயே?"

வெள்ளை!

ஷெட்டுக்காரியை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?

செப்டம்பர் 14

ஸ்கூட்டர் தெருவில். ஷெட் முழுக்கப் புழுக்கை.

அக்டோபர் 2

பாறை அப்படியே நிற்கிறது. "கல்லு இன்னும் பாடம் படிக்கலையாட்டம் இருக்குதுங்க டீச்சர்" என்று அக்கா கேலி செய்கிறார். வேருக்கு அவசரம் கிடையாது என்றேன். எனக்குத்தான் புழுக்கை கூட்டி இடுப்பு வலி.

அக்டோபர் 16, புதன்

விடாத மழை. காலையில் இடி என்று நினைத்தேன். இடியில்லை. பாறையின் பாதி கழன்று கொட்டகைமேல் கிடக்கிறது. கூரை ஓடுகளும் கட்டைகளும் தரையோடு தரை.

அக்கா செருப்பில்லாமல் என் ஷெட்டுக்கு ஓடி வந்தார். ஒவ்வோர் ஆட்டின் தலையையும் தடவினார். ஒன்றையும் விடவில்லை. பிறகு சுவரில் சாய்ந்தபடி உட்கார்ந்தார்.

"பாத்தீங்களா டீச்சர்... ஆத்தா முன்னமே சொல்லிட்டா."

நான்தானே முதலில் சொன்னேன் — நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவர் ஆடுகளை மறுபடியும் முதலிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தார். ஒரு குட்டி என் முந்தானையை மென்றுகொண்டிருந்தது.

"ஆமாங்க்கா" என்றேன்.