பெங்களூரில் வாங்கிய மிஷின்

ஐப்பசி 4, செவ்வாய்

விடியும்போதே மழை. மாடியில் காயப்போட்ட துணியெல்லாம் மறுபடி நனைந்தது. பால் வேறு திரிந்துவிட்டது. இன்று முடிக்க வேண்டியது: கல்யாணப் புடவைகளுக்குக் குஞ்சம், இ.பி. பில், இவருக்கு மாத்திரை.

ஒன்றும் நடக்கவில்லை. இவருடைய ஆக்சிஜன் மிஷின் காலையிலிருந்து கத்துகிறது. மஞ்சள் விளக்கு. காற்று வருகிறது, ஆனால் அதில் சத்து இல்லை. விரலில் மீட்டரை மாட்டினால் எண்பதைத் தாண்டமாட்டேன் என்கிறது. சாயப்பட்டறை ஆவியைக் குடித்துக் குடித்துக் கெட்ட நுரையீரல். மிஷின் இல்லாவிட்டால் கக்கூஸ் வரைகூட நடக்க முடியாது.

பெங்களூரில் இருக்கும் நாத்தனார் விஜயாவுக்கு போன் போட்டேன். போன தையில் அவள்தான் அங்கே வாங்கி அனுப்பினாள்.

"ரெண்டு வருஷம் வாரண்டி அண்ணி. எந்த ஊர் டீலர்கிட்ட வேணா காட்டலாம்னு கார்டுலயே போட்டிருக்குது. காஞ்சிபுரத்துலயே டீலர் இருக்காராமே?"

இருக்கிறார். அதுதான் சங்கடம். முதலில் அவர் கடையில்தான் விலை கேட்டேன். நன்றாகப் பேரம் பேசினேன். காபி வரவழைத்துக் கொடுத்தார். குடித்துவிட்டு வந்து, பெங்களூரில் விலை குறைவு என்று விஜயாவை வாங்கச் சொன்னேன்.

ஐப்பசி 5, புதன்

மழை விடவில்லை. வெளியில் வாங்கிய மிஷினுக்கு டீலர் கடையிலிருந்து வீட்டுக்கு ஆள் அனுப்ப மாட்டார்களாம். தெருப் பையன்கள் நடத்தும் சங்கத்திலிருந்து ஆக்சிஜன் சிலிண்டரை இரவல் வாங்கி இவருக்கு மாட்டிவிட்டு, மிஷினை பாலிதீனில் சுற்றி ஆட்டோவில் ஏற்றினேன். "டிவியாம்மா?" என்றார் ஆட்டோக்காரர்.

கடைக்காரருக்கு என்னை நன்றாகவே ஞாபகம் இருக்கிறது.

"அன்னைக்கு விலை கேட்டுட்டுப் போனவங்கதானே நீங்க?"

"ஆமாங்க. கம்பெனி ஒண்ணுதானேங்க. கார்டுல போட்டிருக்குது."

"கார்டுல ஆயிரம் போடுவான்மா. லாபம் பெங்களூர்காரனுக்கு, ரிப்பேர் மட்டும் எனக்கா? வாங்கின இடத்துல போயி கேளுங்க."

மூலையில் அதே மாதிரி மிஷின் இரண்டு சும்மா நின்றன. ரிப்பேர் முடியும்வரை கஸ்டமருக்கு இரவலாகத் தருவதற்காம். ஒன்று கொடுங்கள் என்று கேட்டேன். "அது எங்ககிட்ட வாங்கினவங்களுக்குமா."

அங்கேயே உட்கார்ந்து கம்பெனிக்கு போன். ஒன்றை அமுக்கு, நான்கை அமுக்கு. கடைசியில் ஒரு பெண் பேசினாள். புகார் பதிவாகிவிட்டது, டீலர் பார்த்தே ஆக வேண்டும் என்றாள். அவர் காதிலும் விழட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். முகம் சுருங்கிவிட்டது. "வச்சிட்டுப் போங்க. பார்க்கலாம்." ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஐப்பசி 7, வெள்ளி

கடை மெக்கானிக் போன் செய்தார். "அம்மா, பின்பக்கம் சீரியல் நம்பர் ஸ்டிக்கரே இல்லையே. ஸ்க்ரூ மேல ஒட்டின சீலும் காணோம். யாராச்சும் பிரிச்சீங்களா?"

யாரும் பிரிக்கவில்லை. நான்தான் சுரண்டினேன். ஆயுத பூஜைக்கு முந்தின நாள். எங்கள் தெருவில் தறி, தையல் மிஷின், கிரைண்டர், எதுவானாலும் சுரண்டித் துடைத்துத்தான் சந்தனம் குங்குமம் வைப்போம். ஒரு பிசுக்கு, ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருக்கக் கூடாது. இவருக்கு மூச்சு கொடுக்கிற மிஷின் ஆயிற்றே என்று அதைத்தான் எல்லாவற்றையும்விட அதிகம் தேய்த்தேன். பிளேடு, தேங்காய் எண்ணெய், ஈரத்துணி. பிறகு அதே இடத்தில் பெரிய பொட்டு.

மெக்கானிக்கிடம் சொன்னேன். சிரிக்கவில்லை, நல்ல மனிதர். "பில்லுல நம்பர் இருக்குதும்மா. ஆனா அது இந்த மிஷின்தான்னு எப்படிக் காட்டறது? சீல் இல்லன்னா வாரண்டி கட். ஓனர் ஒத்துக்கமாட்டாரு."

காசு கொடுத்தே செய்துவிடச் சொன்னேன். உதிரிபாகம் சென்னையிலிருந்து வர வேண்டுமாம். எப்போது என்று தெரியாதாம்.

இவரிடம் சொன்னேன். திட்டியிருக்கலாம். "சாமிக்குத்தான... செஞ்சே. உடு கலா." அதைத்தான் தாங்க முடியவில்லை. தோட்டத்துப் பக்கம் போய் அழுதேன். பிறகு வந்து குஞ்சம் கட்டினேன். நான்கு புடவை.

ஐப்பசி 10, திங்கள்

சிலிண்டர் தீர்ந்தது. நிரப்பப் போன வண்டி மழையில் மாட்டிக்கொண்டது. இவருக்கு உதடு நீலம். ஆம்புலன்ஸ். பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. ரொம்ப நேரம் ஆக்சிஜன் குறைந்து இருந்துவிட்டார், இருதயத்துக்குக் கஷ்டம் என்கிறார் டாக்டரம்மா.

எதிர்வீட்டு அக்காவை உட்கார வைத்துவிட்டு மறுபடி கடைக்கு ஓடினேன். அந்த இரவல் மிஷின் இருந்தால் இவரை வீட்டுக்குக் கூட்டிப்போன பிறகாவது ஆகும். காலில்கூட விழுந்திருப்பேன், மேஜை குறுக்கே இருந்தது.

"ரூல்ஸ்மா. உங்களுக்குக் குடுத்தா நாளைக்கு ஊரே வெளியில வாங்கிட்டு எங்கிட்ட வந்து நின்னுக்கினு இருக்கும்."

செருப்பு அறுந்தது. ஊசி மாத்திரை வாங்க வேண்டும், ஃபிளாஸ்க் வேண்டும்.

ஐப்பசி 12, புதன்

இவர் போய்விட்டார். விடிகாலை. மழை இல்லை.

ஐப்பசி 28, வெள்ளி

நல்ல வெயில். நேற்று காரியம் முடிந்தது. விஜயா காலை பஸ்ஸில் கிளம்பினாள். இரவல் பாத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். குஞ்ச வேலையை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள்.

மத்தியானம் கடைக்காரரிடமிருந்து போன். கேள்விப்பட்டாராம். வருத்தமாம். மிஷின் ரெடியாம்.

"தப்பா நெனச்சுக்காதீங்கம்மா. முசரவாக்கத்துல ஒருத்தருக்கு அவசரமா மிஷின் வேணும். புதுசு வாங்க வசதி இல்ல. உங்களது இனிமே சும்மாதானே இருக்கும்? என் மூலமா குடுத்துடுங்க."

"அதுல ஸ்டிக்கர் இல்லையே. வாரண்டி?"

"அத நான் பார்த்துக்கறேன்மா. பில்லு நம்பர வச்சு கம்பெனில வேற ஸ்டிக்கர் வாங்கி ஒட்டிடலாம். ஒரு போன்தான்."

ஒரு போன். வாயில் வந்ததையெல்லாம் சொல்லியிருக்க வேண்டும். பாவி, உன் வீடு விளங்குமா என்று கேட்டிருக்க வேண்டும்.

"மறுபடி ரிப்பேர் ஆச்சுன்னா அவருக்கு இரவல் மிஷின் தருவீங்களா?" என்று கேட்டேன்.

"கண்டிப்பா. அவரு நம்ம கஸ்டமர் ஆயிடறாரே."

முசரவாக்கத்து ஆளுக்கும் பக்கத்தில் ஒருத்தி உட்கார்ந்து விரல் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.