ஆப்பிரிக்கா மரத்து ஆணி

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்.
தாது வருஷம், ஐப்பசி 20ந் தேதி.

சௌபாக்கியவதி மகள் தனலெட்சுமிக்கும், இன்னும் பெயர் வைக்காத என் பேத்திக்கும் அம்மாவின் ஆசீர்வாதம்.

அன்று மரத்தடியில் இருந்தவர்களை முதலில் எழுதிவிடுகிறேன். பிரபவ வருஷம் ஆடி மாதம் மூன்றாம் செவ்வாய், உன் முடியை மரத்தில் வைத்து ஆணி அடித்த அன்று. பூசாரி பக்கிரிசாமி, உடுக்கையோடு. கிள்ளானிலிருந்து வந்திருந்த உன் மாமா ரெங்கசாமி, உன் வலது கையைப் பிடித்தவன். மூன்றாம் நம்பர் வீட்டு இராஜம்மா, உனக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று முதலில் சொன்ன வாய். பக்கத்து வீட்டு வீரம்மா, சுத்தியல் அவள் வீட்டுது. உன் இடது கையைப் பிடித்தது நான். இத்தனை பேர்தான். உன் அண்ணன் வாசு செந்தூல் ரயில்வே பட்டறைக்கு வேலைக்குப் போயிருந்தான்.

மாப்பிள்ளையின் கடிதம் இன்று காலைத் தபாலில் வந்தது. தாயும் பிள்ளையும் சுகம் என்ற வரியை உன் அண்ணனை மூன்று தடவை படிக்கச் சொன்னேன். பிறகு நானும் ஒரு தடவை எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். அதே சொல்தான் இருந்தது. புக்கிட் மெர்தாஜாம் இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டேன். வாசுவைவிட்டு இந்தக் கடிதத்தை எழுதச் சொன்னால் பாதியை விழுங்கிவிடுவான். அதனால் நானே எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

தனம், இரண்டு மாதமாக நான் உன்னிடம் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆவணியில் நீ எழுதியிருந்தாய்: மரத்தை யாரும் தொட விடாதீங்க அம்மா, ஆணி வெளியே வந்தால் அது என்னைத் தேடி வரும், முன்பு இரண்டு கரு கலைந்த மாதிரி இதுவும் தங்காது என்று. உன் மாமியாரும் அதையே சொல்வதாக எழுதியிருந்தாய். சரி மகளே, தொட விடமாட்டேன் என்று பதில் போட்டேன். அந்தப் பதிலை எழுதும்போதே ரயில்வேக்காரன் மரத்தில் சுண்ணாம்பால் குறி போட்டுவிட்டுப் போயிருந்தான். காற்றில் ஒரு கிளை முறிந்து பின்வரிசை வீட்டுக் கூரையைப் பிளந்துவிட்டது. இனி இந்த மரம் இங்கே நிற்கக் கூடாது என்று உத்தரவு.

மரத்தை வெட்டி ஒரு மாதம் ஆகிறது. இன்றைக்குத்தான் சொல்கிறேன்.

அந்த மரம் வந்த கதை உனக்குப் பாதிதான் தெரியும். உன் அப்பா தோட்ட வேலை பார்த்த பங்களாவின் துரை அதற்கு முன்னால் ஆப்பிரிக்காவில் ரயில் பாதை போட்டவர். பிஸ்கட் டின் நிறைய விதை கொண்டுவந்தார். வெள்ளைப் பூண்டுத் தோல் மாதிரி தட்டையாக, லேசாக இருக்கும், ஊதினால் பறக்கும். நாற்பது விதை போட்டதில் மூன்று முளைத்தது. பங்களாவில் வைத்த இரண்டும் பட்டுப்போயின. மூன்றாவதை உன் அப்பா கேட்டு வாங்கி வந்து நம் வீட்டுப் பின்னால் நட்டார். அப்போது நீ என் வயிற்றில் ஐந்து மாதம். உன்னோடு சேர்ந்து வளர்ந்த மரம் அது. நீ நடக்கப் பழகும்போது உன்னைவிட உயரம், உனக்குப் பத்து வயசானபோது கூரையைத் தாண்டிவிட்டது.

இலை வேப்பிலை மாதிரி இரண்டு பக்கமும் வரிசையாக இருந்ததால் ரயில்வே லைன் வீடுகள் முழுக்கச் சீமை வேம்பு என்றுதான் சொன்னார்கள். அம்மை கண்ட வீட்டு வாசலில் அதைத்தான் செருகினார்கள். இலை ஓரத்தில் ரம்பப் பல் இல்லையே, இது வேம்பு இல்லை என்று சொன்னவள் நான் ஒருத்திதான். யார் கேட்டார்கள்? ஆணி அடித்த அன்று ரெங்கசாமிகூட, சீமை மரத்துல நம்ம ஊருப் பேய் தங்குமா பூசாரியண்ணே என்று கேட்டான். பக்கிரிசாமி பட்டையைக் கிள்ளி அவன் வாயில் வைத்து, கசக்குதுல்ல, கசந்தா அம்மா மரம்தான், பேசாம கையைப் புடி என்றான். ரெங்கசாமி துப்பிவிட்டுப் பிடித்தான்.

இனி மரம் வெட்டிய கதை. கம்பத்துக் கிராமத்திலிருந்து வந்த மலாய்க்காரர்கள் இரண்டு பேர் கயிறு கட்டி மேல் கிளைகளை ஒவ்வொன்றாக இறக்கினார்கள். ஒரு ஓடுகூட உடையவில்லை. அடிமரம் சாய்ந்தபோது நம் அடுப்பில் இருந்த பால் சட்டி ஆடியது. உள்ளே பார்த்தால் ஒரு பொந்து இல்லை, ஒரு பூச்சி இல்லை. கழுவின செங்கல் மாதிரி சிவப்பு. வாசு ரயில்வே அதிகாரியிடம் கேட்டு அடிமரத்தை வாங்கிக்கொண்டான். பட்டறையில் ரயில் பெட்டிக்கு எத்தனையோ மரம் இழைத்திருக்கேன், இப்படி ஒண்ணு பார்த்ததில்லைம்மா என்று அதைத் தடவிக்கொண்டே இருந்தான். எனக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. ஆணி எங்கே, ஆணி எங்கே என்றே கண் தேடியது. ஒன்பது வருஷத்தில் மரம் அதை விழுங்கிவிட்டது. வெளியே வடுகூடத் தெரியவில்லை.

மாட்டு வண்டியில் ஏற்றி ஆ லோக் என்கிற சீனனின் மரப்பட்டறைக்குக் கொண்டுபோனோம். நானும் கூடவே நடந்தேன். வேண்டாம் என்று வாசு சொன்னான், கேட்கவில்லை. என் பின்னால் இராஜம்மாவும் வீரம்மாவும் வந்தார்கள். அவர்களுக்கு வேடிக்கை. கொஞ்சம் தள்ளி உன் அப்பா வந்தார்.

குழிக்குள் ஒரு ஆள், மேலே ஒரு ஆள் நின்று மரம் அறுக்கிற பெரிய வாளை இழுத்தார்கள். இரண்டு பலகை நல்லபடியாக வந்தது. மூன்றாவதில் க்ரீச் என்று ஒரு சத்தம், வாளில் இரண்டு பல் போய்விட்டது. ஆ லோக் வாய்க்கு வந்ததைச் சொல்லித் திட்டினான். உளி வைத்துப் பிளந்தான். பட்டையிலிருந்து நாலு விரல் ஆழத்தில் ஆணி இருந்தது. அதைச் சுற்றி ஒரு முழ நீளத்துக்கு மரம் கன்னங்கரேல் என்று இருந்தது. சிவப்புப் பலகையில் கறுப்பாக ஒரு ஆள் குனிந்து நிற்பதுபோல. வீரம்மா ஐயோ அம்மா என்று கத்திக்கொண்டு ரோடு வரைக்கும் ஓடிவிட்டாள். பார்த்தியா, உள்ளயே உட்கார்ந்திருக்கு, நான் சொன்னப்போ யாரு நம்பினீங்க என்றாள் இராஜம்மா. எனக்கு உன் நினைப்புதான் வந்தது. நீ அப்போது எட்டு மாதக் கர்ப்பம்.

ஆ லோக் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். ஹந்து இல்லை, பெசி, பெசி என்றான். பேய் இல்லை, இரும்பு என்று மலாயில் சொல்கிறான். ஒரு துண்டுப் பலகையைத் தண்ணீரில் நனைத்து, மேலே ஒரு பழைய ஆணியை வைத்து, நாளைக்கு வந்து பார் என்றான். மறுநாள் போனேன். ஆணி கிடந்த இடத்தில் அதே கறுப்பு. நான் அதோடு விடவில்லை. ஒரு துண்டை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒரு பக்கம் இரும்பு ஆணி, ஒரு பக்கம் பித்தளைக் குண்டூசி வைத்து நனைத்தேன். இரும்பு பட்ட இடம் கறுத்தது. பித்தளை பட்ட இடம் அப்படியே சிவப்பாக இருந்தது. இந்த மரத்தின் சாறு இரும்போடு சேர்ந்தால் கறுக்கும், அவ்வளவுதான் கதை. மூன்று தடவை செய்து பார்த்தேன். குழாயடியில் இராஜம்மாவையும் கூப்பிட்டுக் காட்டினேன். உன் பேயை எத்தனை வேணும்னாலும் செஞ்சு தரேன்டி, ஆணி மட்டும் கொண்டா என்றேன்.

இருந்தாலும் மனசு கேட்கவில்லை. வயிற்றுப் பிள்ளைக்காரியிடம் இதை எழுதிப் பரீட்சை பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஒரு மாதம் நான் தூங்கியது கொஞ்சம்தான். இன்று மாப்பிள்ளை கடிதம் வந்தது. ஆணியைப் பிடுங்கி முப்பத்தோரு நாள் கழித்து, நிறைமாதத்தில், முழுசாக, கத்திக்கொண்டு ஒரு பெண் பிறந்திருக்கிறது. எதுவும் எங்கேயும் தேடி வரவில்லை தனம். வருவதற்கு எதுவும் இருந்ததே இல்லை. உனக்கு வந்தது மலைக்காய்ச்சல். ஆணி அடித்த மறுநாளே ரெங்கசாமி உன்னைக் கிள்ளானுக்குக் கூட்டிப்போய், அங்கே ஆஸ்பத்திரியில் கொய்னா மருந்து கொடுத்ததும் பத்து நாளில் எழுந்து உட்கார்ந்தாயே. ஆனாலும் பேய் போனது ஆணியால்தான் என்று லைனில் பேசினார்கள், நீயும் நம்பிவிட்டாய்.

ஆணியோடு உன் முடியும் இருந்தது. ஒரு சுருள், அப்படியே கறுப்பாக. பதினைந்து வயசு முடி. அதை யார் கையிலும் கொடுக்கவில்லை. நானே ஆற்றில் விட்டேன். ஆணியை ஆ லோக்கிடம் விட்டுவிட்டேன், இரும்புக்காரனுக்குப் போடட்டும்.

வாசு அந்தப் பலகையில் வாசல் கதவு ஒன்றும் பெஞ்சு ஒன்றும் செய்திருக்கிறான். நம் பேத்திக்குத் தூளிக் கட்டையும் இழைத்து வைத்திருக்கிறான், துணியை இரண்டு பக்கமும் அகட்டிப் பிடிக்கிறதே அது. ஆணி இருந்த பக்கத்தைத் தொடவில்லை, மறுபக்கத்து மரம். அதை இப்போது அனுப்பவில்லை. முதலில் ஒரு துண்டுப் பலகையைத்தான் அனுப்புகிறேன். உன் கையால் நனைத்து, உன் வீட்டு ஆணியை வைத்து, நீயே பார். உன் மாமியாருக்கும் காட்டு. பார்த்த பிறகு கட்டை வேண்டும் என்றால் எழுது. வேண்டாம் என்றாலும் எழுது.

இராஜம்மா பிள்ளை பிறந்த சேதி கேட்டு நல்லெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து வாசலில் நின்றாள். தலையைக் குனிந்துகொண்டு, தெரியாமச் சொல்லிட்டேன் அக்கா என்றாள். ஒன்பது வருஷமாக அவளோடு நான் குழாயடியில் தவிர வேறெங்கும் பேசியதில்லை. போகட்டும் என்று விட்டுவிட்டேன். வீரம்மா சுத்தியல் கொடுத்தாள், அடித்தது அவள் இல்லை. பக்கிரிசாமி செத்துப்போனான், செத்தவனோடு எனக்கென்ன வழக்கு. ரெங்கசாமி கையைப் பிடித்தான், அதே கையால்தான் உன்னைத் தூக்கி ரயிலில் ஏற்றினான். உன் இடது கையைப் பிடித்தவளை மன்னிப்பதும் விடுவதும் உன் பாடு. அதற்கு நான் சமாதானம் சொல்லமாட்டேன். நீ துள்ளினாய், நான் இறுக்கினேன். அது ஞாபகம் இருக்கிறது.

ஒன்று மட்டும் நீ அறியாதது. அன்று காலை உன் அப்பா பங்களாவிலிருந்து வந்து உன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு பூசாரியைப் பார்த்தார். வேலிக்கு அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் நின்றார். துரை வீட்டு ரோஜாவுக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார். இரண்டு நாள் கழித்து அவர் சட்டையைத் துவைக்கும்போது பையில் ஒரு காகிதப் பொட்டலம் நனைந்து பிசுபிசுத்தது. நாக்கில் வைத்துப் பார்த்தேன். மரப்பட்டையைவிடக் கசப்பு. துரை கொடுத்த கொய்னாத் தூள். அந்த மரத்துப் பட்டையைக் கூட அந்த ஊரில் காய்ச்சலுக்குத்தான் காய்ச்சிக் குடிப்பார்கள் என்று துரை சொன்னதாக இவரே முன்பு என்னிடம் சொல்லியிருக்கிறார். காய்ச்சல் என்று தெரிந்தவர் ஒருத்தர், மருந்தைப் பையில் வைத்துக்கொண்டு, வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அன்று மரப்பட்டறையில் உன் முடியைப் பார்த்ததும் பலகை மேல் உட்கார்ந்துவிட்டார். நான் அன்னைக்கு இருந்திருந்தா என்று ஆரம்பித்தார். இருந்தீங்க என்றேன்.

பிள்ளைக்கு முதல் முடி இறக்கப் பத்துமலைக்கு வருவீர்கள்தானே. அப்படியே வீட்டுக்கு வா மகளே. கல்யாணம்கூடக் கிள்ளானில்தான் நடந்தது. ஒன்பது வருஷமாக நீ இந்த வாசலை மிதிக்கவில்லை, நானும் நீ கூப்பிடாமல் வரமாட்டேன் என்று வீம்பாக இருந்துவிட்டேன். பின்பக்கம் இப்போது வெறும் வெயில்தான் இருக்கிறது, துணி நன்றாகக் காய்கிறது. அடிக்கட்டையைக்கூடத் தோண்டி எடுத்துவிட்டார்கள். நீ வந்தால் அப்பா காலில் விழு என்று நான் சொல்லமாட்டேன். விழாதே என்றும் சொல்லமாட்டேன். நீயும் பிள்ளையும் மாப்பிள்ளையும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அம்மா,
நல்லம்மாள்.

உன் அப்பா புதுப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, எழுதியாச்சா, என் ஆசீர்வாதத்தையும் சேர்த்துப் போடு என்கிறார். இதோ போட்டுவிட்டேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. குடிக்கணக்கு எடுக்க வந்தவன் கேட்டபோதுகூட வாசுவைக் கூப்பிட்டுத்தான் சொல்லச் சொன்னேன். இன்று முதல் தடவையாக எழுதுகிறேன், உனக்குத் தெரியட்டும் என்று. அன்று இருந்தவர்களை எல்லாம் விட்டுவிட்டேன். இல்லாமல் போனவர் ஒருவரை மட்டும் நான் சாகும்வரை மன்னிக்கமாட்டேன். நாகையா.