‘ராஜி’ என்று எழுதிக் கொடுத்த 43 பெண்களை வேலையை விட்டவர்களாகக் கணக்கிட்டது குறித்து

அனுப்புநர்:
ம. லிஜோ, டிப்ளமோ (மெக்கானிக்கல்),
த/பெ மரியஜான்,
இராஜாக்கமங்கலம்,
கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
நாகர்கோவில்.

பொருள்: டெல்வரோ ஸ்போர்ட்ஸ், இரணியல் பிரிவு – 43 பெண் தொழிலாளர்களை மீண்டும் பணியில் அமர்த்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி தொழிற்சாலையில் நான் தையல் இயந்திரப் பராமரிப்பு டெக்னீஷியன். ஓட்டப்பந்தய ஷூக்களின் மேல்பாகத்தை இங்கே தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறோம். கம்பெனியும் வெளிநாட்டுக்காரர்களுடையதுதான். இன்றுவரை அங்கே வேலை பார்க்கிறேன். இந்த மனு போன பிறகும் பார்ப்பேனா என்பது வேறு விஷயம்.

2. 2007-இல் டாலர் 39 ரூபாய்க்கு இறங்கியபோது, ஏற்றுமதியில் அடி என்று சொல்லிச் சம்பள உயர்வை நிறுத்தினார்கள். இந்த ஆண்டு மார்ச்சில் டாலர் 50-ஐத் தாண்டியது. அவர்கள் சொன்ன கணக்கையே தலைகீழாகப் போட்டால் லாபம் வர வேண்டும். இல்லையாம், இப்போதும் அடிதானாம். அமெரிக்காவில் வீட்டுக் கடன் முங்கிவிட்டதாம், அங்கே யாரும் ஓடுவதில்லையாம்.

3. 09.03.2009 அன்று மனிதவள மேலாளர் எங்களைக் கூட்டித் திரையில் ஒரு வரைபடம் காட்டினார். கோடு கீழே இறங்கியது. பக்கவாட்டு அச்சில் அளவே இல்லை. என்ன அளவு என்று கேட்டேன். ‘டிரெண்ட்’ என்றார். டிப்ளமோ முதலாமாண்டில் இப்படி வரைந்தால் பூஜ்யம் போட்டுத் திருப்பித் தருவார்கள். கம்பெனியில் இதற்கு மேலாளர் பதவி தருகிறார்கள்.

4. மேலாளர் திருவனந்தபுரத்துக்காரர். கடைசியில் அவர் சொன்னது: “எல்லாரும் ஒரு ராஜி எழுதித் தரணம். ஓர்டர் வந்தா விளிக்காம்.” ஆர்டர் வந்தால் கூப்பிடுகிறோம் என்கிறார். மலையாளத்தில் ராஜி என்றால் வேலையை விட்டு விலகுவது. நம் தமிழில் சமாதானமாகப் போவது. இந்த மனுவே இந்த ஒரு சொல்லைப் பற்றியதுதான்.

5. இனி எழுதுவது எனக்கு எதிரானது. எங்கள் ஊர் வியாகுலம்மாள், வயது 41, ஒன்பது வருடமாக அங்கே தைப்பவர், என்னிடம் கேட்டார்: “மக்கா, இதுல ஒப்பு போட்டா பொறவு வேல இல்லன்னு ஆயிருமா?” நான் சொன்னேன்: “ராஜின்னா சமாதானம்க்கா. சண்ட போடாம லீவுல போறோம்னு அர்த்தம். சட்டுன்னு எழுதிக் குடுங்க.” மேற்கே கேரள எல்லையை ஒட்டிய புதுக்கடை ரெஜிஷா குறுக்கே வந்தாள்: “அண்ணா, எங்க பக்கம் ராஜின்னா வேலைய விட்டு நிக்கது அல்லியா?” “ஏட்டி, இது தமிழ்நாடு. போயி ஒன் மெஷினப் பாரு” என்று விரட்டினேன். அவளும் மேற்குப் பக்கத்துப் பெண்களும் எழுதித் தரவில்லை. அவர்கள் இன்றும் வேலையில் இருக்கிறார்கள். என் பேச்சைக் கேட்ட 43 பேர் வெளியே இருக்கிறார்கள்.

6. என்ன எழுதுவது என்று கேட்டவர்களுக்கு வாக்கியம் சொல்லிக் கொடுத்ததும் நானே: “ஆர்டர் வரும்வரை கம்பெனியுடன் ராஜியாக இருக்கச் சம்மதிக்கிறேன்.” 43 தாளிலும் இதே வரிதான். வேலையை விடுகிறவர் யாராவது ‘கம்பெனியுடன்’ விடுவாரா? ‘ஆர்டர் வரும்வரை’ விடுவாரா? தமிழில் ராஜிக்கு வேறு பொருள் உண்டென்று மேலாளருக்குத் தெரியாது என்றே வைத்துக்கொள்வோம். முழு வரியையும் வாசித்துச் சொல்ல அந்த அலுவலகத்தில் ஒரு ஆள்கூடவா இல்லை? ‘ராஜினாமா’ என்று நாலெழுத்துத் தேடினார்கள், ‘ராஜி’ என்று ரெண்டெழுத்து கிடைத்ததும் ஃபைலை மூடிவிட்டார்கள்.

7. ஜூலையில் ஆர்டர் வந்துவிட்டது. அமெரிக்காக்காரன் மறுபடி ஓடுகிறான் போலும். அந்த 43 இயந்திரங்களுக்கும் எண்ணெய் விட்டு, ஊசி மாற்றி, நூல் இழுவிசை சரிபார்த்துக் கொடுத்தது நான். கேட்டில் ‘பயிற்சியாளர் தேவை, வயது 18 முதல் 23’ என்று போர்டு தொங்குகிறது. வியாகுலம்மாள் போனார். “நீங்க ராஜி வச்ச ஆளுல்லா, உள்ள விட முடியாது” என்று காவலாளி திருப்பி அனுப்பினார். அவருடைய இயந்திரத்தில் இப்போது ஒரு புதுப் பெண் தையலைக் கோணலாக்கிக்கொண்டிருக்கிறாள். ‘உலகத் தரம்’ என்று பெட்டியில் ஒட்டி அனுப்புகிறார்கள்.

8. மேலாளரிடம் போய், பொருள் சொன்னது என் தவறு என்றேன். “அது உங்க பாஷைப் பிரச்சனை” என்றார். எங்கள் மண்ணில் வந்து, எங்கள் பாஷையில் எழுதி வாங்கி, பொருளை மட்டும் வேறு பாஷையில் எடுத்துக்கொள்கிறவரிடம் மேற்கொண்டு பேச எனக்கு ஒன்றுமில்லை. அதனால்தான் தங்களிடம் வருகிறேன்.

ஆகவே, அந்த 43 தாள்களின் அசலையும் கம்பெனியிடமிருந்து வரவழைத்து, அந்தப் பெண்களையும் மேலாளரையும் ஒன்றாக உட்கார வைத்து, ஒரு தாளையாவது முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை உரக்க வாசிக்கச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். அதற்குப் பிறகு தனியாக விசாரணை தேவைப்படாது. அவர்களை அதே பணியில், பழைய பணிக்காலத்தோடு சேர்க்க உத்தரவிட வேண்டும். அந்த வரியைச் சொன்னது நானென்று எங்கு வேண்டுமானாலும் வந்து எழுதித் தருகிறேன். அதற்காக யாராவது வேலையை இழக்க வேண்டுமென்றால், அது நானாக இருக்கட்டும்.

இடம்: நாகர்கோவில்
நாள்: 10.08.2009

மேற்கண்டவற்றுக்குப் பொறுப்பேற்று ஒப்பமிடும்,
(ஒப்பம்)
ம. லிஜோ

இணைப்பு: 43 பெண்களின் பெயர், இயந்திர எண் பட்டியல்.