ஐந்தாம் தண்ணீரில் கற்பூரம்

டேய், இன்று காலை அந்த டீயின் ஐந்தாம் தண்ணீரில் கற்பூரம் வந்தது. வாயில் இல்லை, விழுங்கியபின் தொண்டையில் குளிர்ந்தது. தம்ளரைக் கீழே வைத்துவிட்டு உன்னைத்தான் நினைத்தேன். அன்றைக்கு நீ சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. உன்னைப் புளுகன் என்று நினைத்தவன் நான்.

கொரோனா வந்து போனதும் உனக்கு வாசனையும் ருசியும் அற்றுப்போயிருந்தன. மற்றவனுக்கு அது கஷ்டம். வடமாலபேட்டை ரோட்டோரத்தில் இருபது வருஷமாக டீ போட்டவனுக்கு மூக்கும் நாக்கும்தான் பிழைப்பே. ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டோடு கிடந்தாய். "பால் பொங்கறது கண்ணுக்குத் தெரியுது, அடி புடிக்கறது தெரியல. இந்த மூக்க வெச்சிக்கினு இன்னாத்த கடை நடத்தறது?" என்றாய். நீ அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை.

அந்த வாரம்தான், வரதய்யபாளையம் பக்கம் நான் வேலை செய்யும் கம்பெனியிலிருந்து சீனாக்கார இன்ஜினியர் ஊருக்குத் திரும்பினார். மெஷின் ரிப்பேரில் கூடவே இருந்ததற்காக எனக்கு ஒரு டீ வில்லை கொடுத்தார். பூஅர் டீ. பச்சையாகவே அழுத்தி, காகிதத்தில் சுற்றி, இருபது வருஷம் தானாக முதிர விட்ட ரகம். எப்படிப் போடுவதென்றும் செய்து காட்டினார். அதை எடுத்துக்கொண்டு நேரே உன் வீட்டுக்கு வந்தேன். "இன்னாடா, வறட்டியத் தூக்கிக்கினு வந்துகீற?" என்றாய். நாக்கு போனாலும் வாய் போகவில்லை உனக்கு.

கத்தி முனையால் ஒரு துண்டைப் பெயர்த்துக் கொதிக்கும் தண்ணீரை ஊற்றினேன். இலையைக் கழுவிய முதல் தண்ணீரை வாசலில் கொட்டியதும், "டீக்கடைக்காரன் எதிர்லயே டீயக் கொட்டறியே, நீ நல்லா இருப்பியா?" என்று கத்தினாய். பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை என்றதும் உன் மனைவியே முகம் சுளித்தாள். பத்து எண்ணுவதற்குள் வடித்தோம், மறுபடி ஊற்றினோம், மறுபடி வடித்தோம். இரண்டாவதும் மூன்றாவதும் எனக்கு வெறும் கசப்பு. உனக்கு அதுகூட இல்லை. நான்காவதில் புருவத்தைத் தூக்கினாய். ஐந்தாவதை விழுங்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாய்.

"கற்பூரம்டா. தொண்ட ஜில்லுன்னு கீது."

டீயில் ஏது கற்பூரம்? தூக்கிக்கொண்டு வந்தவன் மனசு நோகக்கூடாதென்று அளக்கிறாய் என்றே நினைத்தேன். "சும்மா சொல்லாதடா" என்றேன்.

"நாக்கு என்னுது. சொல்றதுக்கு நீ யாரு?" என்றாய். மறுநாளே கடையைத் திறந்தாய்.

ருசி தெரியாதவனைத் தனியாக விட்டேனா நான்? தினமும் கம்பெனி பஸ்ஸுக்கு முன்னால் வந்து முதல் கிளாஸை ருசி பார்த்தேன். "இஞ்சி பத்தல", "இன்னும் ரெண்டு ஸ்பூன் சக்கர போடு" என்று அதிகாரம் செய்தேன். நீயும் மறுபேச்சு பேசாமல் போட்டாய். லாரி டிரைவர்கள் தெலுங்கில் "டீ பாகுந்தி மாஸ்டர்" என்று மெச்சினால் எனக்குத்தான் நெஞ்சு நிமிரும். உனக்கு நாக்கே நான்தான் என்று மூன்று வருஷம் திரிந்தேன். போன ஆடியில் மாரடைப்பில் நீ போனபோதும் அந்த நினைப்போடுதான் அழுதேன்.

அப்புறம் எனக்குச் சுகர் வந்தது. சர்க்கரையை அறவே விட்டேன். நாலைந்து மாதத்தில் நாக்கு தெளிந்தது. இன்று மிச்ச வில்லையைப் பெயர்த்துப் போட்டேன். கற்பூரம் வந்ததும் நேரே கடைக்கு ஓடி, இப்போது அடுப்படியில் நிற்கும் உன் மனைவியிடம் சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள்.

"அவருக்கு அன்னிக்கே ருசி திரும்பிடுச்சிண்ணா. மொதல்ல போடறது உங்களுக்கு மட்டும். நீங்க பஸ் ஏறினதும் வேற பால வெச்சி, தன் கைப்பக்குவத்துக்குப் போடுவாரு. 'எனக்கோசரம் விடியறதுக்குள்ள எழுந்து வர்றான், அவனாண்ட எப்படிச் சொல்றது'ன்னுவாரு."

படுபாவி! மூன்று வருஷம் எனக்குப் பாயசம் ஊற்றியிருக்கிறாய். பெஞ்சில் உட்கார்ந்து, ஆட்கள் பார்க்கிறார்களே என்றும் இல்லாமல் அழுதேன். நான் உன்னைத் தாங்குவதாக நினைத்தேன், தாங்கியவன் நீ. இனி யார் நாக்குக்கும் நான் நாட்டாமை செய்யமாட்டேன், போ.

உன் மனைவி அடுத்த கொதிப்பை இறக்கி, ஒரு கிளாஸில் ஊற்றி என்னிடம் நீட்டினாள். "சக்கர போடல. எப்டி கீதுன்னு சொல்லுங்கண்ணா" என்றாள்.

"நீ குடிச்சிப் பாத்துச் சொல்லும்மா" என்றேன்.