ரங்கூனை அழிக்கச் சொன்ன மச்சானுக்கு

என் அன்புக்கும் ஆத்திரத்துக்கும் ஒருசேர உரிய மச்சான் அருள்தாஸ்,

நீ மண்ணுக்குள் போய் இரண்டு மாதம் ஆகிறது. பள்ளியில் உனக்கு நினைவு மலர் போடுகிறார்களாம். "உங்க மச்சானப் பத்தி நல்லதா நாலு வார்த்த எழுதிக் குடுங்க சார்" என்று கேட்டுக் கடலூரிலிருந்து சிதம்பரம் வரைக்கும் ஆள் வந்தது. நல்லதாக எழுத அங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுதுவதை அச்சில் போடுவதும் அடுப்பில் போடுவதும் அவர்கள் பாடு.

இரங்கல் கூட்டத்தில் உன்னைத் தலையில் தூக்கிவைத்துப் பேசினார்கள். "உலகத்தையே வகுப்புக்குக் கொண்டுவந்தவர்" என்றார் ஒருவர். கைதட்டினார்கள். செத்தவனுக்குக் கைதட்டலாமா என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. உனக்கு அது பிடித்திருக்கும், உன்னை எனக்குத் தெரியாதா?

அவர் சொன்னது பொய்யில்லை. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். ரங்கூனிலிருந்து நம் ஜனங்கள் கப்பல் கப்பலாகத் திரும்பி வந்த சமயம் அது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் உன் ஐந்தாம் வகுப்பில் பர்மியமும் மலாயும் உருதும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தன. சைகோனிலிருந்து வந்த பையன் பிரெஞ்சில்தான் எண்ணுவான். தமிழ் பேசுவார்கள், எழுத்துதான் தெரியாது. மற்ற வாத்தியார்கள் அப்படிப்பட்ட பிள்ளைகளை ஒன்றாம் வகுப்புக்குத் தள்ளிவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது, நீ என் சுண்ணாம்புத்தூளைத் திருடினாய்.

ஓட்டப்பந்தயத்துக்குக் கோடு போடச் சொல்லி ட்ரில் மாஸ்டரான எனக்குக் கொடுத்த தூள் அது. அதை வைத்து மைதானம் முழுக்க உலகப் படம் போட்டாய். ஆப்பிரிக்கா கிணற்றடி வரைக்கும் போனது. ஒவ்வொரு பிள்ளையும் தான் வந்த இடத்தில் போய் நிற்கவேண்டும், காலடியில் நீ எழுதிவைத்த ஊர்ப்பேரைப் படிக்கவேண்டும். படித்தால் பக்கத்து ஊருக்குத் தாவலாம். அங்கே என்ன விளைகிறது, என்ன சாப்பிடுகிறார்கள் என்று அந்த ஊர்ப் பிள்ளை சொல்லும். பினாங்கு பையன் கொழும்புக்குத் தாவினான். கடலூரைத் தாண்டாத நம் பிள்ளைகள் சைகோனுக்குப் போய் வந்தார்கள்.

"அடுத்த வாரம் ஸ்போர்ட்ஸ் மச்சான். கோட்டுக்குத் தூளு எங்க போறது?" என்று கத்தினேன்.

"பசங்க உலகத்தச் சுத்தி ஓடட்டும் மச்சான்" என்றாய். கோபமாக வந்தவன் சிரித்துத் தொலைத்தேன்.

பதினொரு வயது மல்லிகா முதன்முதலாகத் தமிழில் படித்த சொல் ரங்கூன். அவள் அப்பாவுக்கு அங்கிருந்து கிளம்ப அனுமதி கிடைக்கவில்லை. அம்மாவும் அவளும் மட்டும் வந்திருந்தார்கள். இன்ஸ்பெக்டர் முன்னால் தமிழ் படித்துக் காட்டாவிட்டால், மூக்கொழுகும் பிள்ளைகளோடு அவளும் ஒன்றாம் வகுப்பில் உட்காரவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அந்த அவமானத்துக்குப் பயந்தே ராப்பகலாகப் படித்தாள்.

இன்ஸ்பெக்டர் வந்தார். தலைமையாசிரியர் பதவிக்கு உன்னைச் சிபாரிசு செய்யவேண்டியவர் அவர்தான். மல்லிகா படம் முழுக்கத் தாவித் தாவிப் படித்தாள், ஒரு இடத்திலும் திக்கவில்லை. அவர் தலையை ஆட்டினார். நீ என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாய். அதோடு அவர் விட்டிருக்கலாம்.

"ஒன் நாடு எது? அங்க போய் நில்லு" என்றார். அவள் ஓடிப்போய் ரங்கூனில் நின்றாள்.

"அது ஒன் நாடா?"

"அப்பா அங்கதான் சார் இருக்காரு."

"அப்ப இங்க எதுக்கு வந்த?" என்று சிரித்தார். பிள்ளைகளும் சிரித்தார்கள். பக்கத்து ஊருக்குத் தாவிச் சிநேகம் பிடித்த அதே பிள்ளைகள்தான். "அத அழி. கால்ல தேச்சு அழி" என்றார் இன்ஸ்பெக்டர்.

அவள் அவரைப் பார்க்கவில்லை, உன்னைத்தான் பார்த்தாள்.

"அழிச்சிடும்மா" என்றாய். எவ்வளவு சாந்தமான குரல் மச்சான் உனக்கு!

வெறுங்காலால் தேய்த்தாள். உன் கையெழுத்து அழுத்தம் ஜாஸ்தி, சீக்கிரம் போகவில்லை. "நீங்கள்லாம் மனுசங்களா?" என்று நான் கத்தியதற்கு என்னை அதே நிர்வாகத்தின் சிதம்பரம் பள்ளிக்குத் தூக்கியடித்தார்கள். நீ தலைமையாசிரியர் ஆனாய். மல்லிகாவுக்கு இன்ஸ்பெக்டர் தேர்ச்சி போட்டுவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து அவள் பள்ளிக்கு வரவில்லை. அன்றைக்கு உன்னைப் பேச வைத்தது பயமா, பதவியா? எது என்று தெரிந்தால் திட்டவாவது வசதியாக இருக்கும்.

வருஷங்கள் கழித்து, ஆஸ்பத்திரியில் மூச்சு வாங்க நீ என்னிடம் கேட்டது அவளைப் பற்றித்தான். "அந்தப் பொண்ண எங்கனா பாத்தியா மச்சான்?"

"பாத்தேன். சிதம்பரத்துல, கீழவீதியில ஒரு மளிகைக்கடையில பொட்டலம் மடிக்கிறா" என்றேன். நீ சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாய். அதற்குப் பிறகு என்னோடு பேசவேயில்லை.

"சாவப்போற மனுசங்கிட்ட ஒரு பொய் சொல்லியிருந்தா ஒங்க வாய் வெந்தா போயிருக்கும்?" என்று உன் தங்கை இன்றைக்கும் கேட்கிறாள். அன்றைக்கு மைதானத்தில், அந்தப் பிள்ளை நின்ற இடம் சரிதான் என்று உண்மை சொல்லியிருந்தால் அவள் அண்ணன் வாய் வெந்தா போயிருக்கும்? இதை அவளிடம் கேட்க முடியாது. சோறு கிடைக்காது.

போன வாரம் அந்தக் கடைக்குப் போய் மல்லிகாவிடம், "சார் இறந்துட்டாரும்மா" என்றேன்.

"எந்த சாரு?" கை மடித்துக்கொண்டே இருந்தது.

"உலகப் படம் போட்டாரே."

"ஓ, அழிக்கச் சொன்ன சாரா?" என்றாள். அழவில்லை. பழைய பேப்பரைப் பசை தடவி ஒட்டினாள். நீ உலகம் காட்டிய நூறு பிள்ளைகளுக்கு நீ உலகப் படம் சார். இவளுக்கு அழிக்கச் சொன்ன சார். இப்படியே இருந்துவிட்டுப் போ.

ஆனால் கிளம்பும்போது கூப்பிட்டாள். "எனக்குப் படிக்க வருது சார். எழுதத்தான் வரல. அப்பா இன்னும் அங்கதான் இருக்காரு. அவுருக்கு நானே கடுதாசி எழுதணும். சொல்லித் தர்றீங்களா?"

நீ படிக்கக் கற்றுக்கொடுத்ததோடு நின்றுவிட்டாய். எழுத நான் கற்றுக்கொடுக்கிறேன், மச்சான். உனக்காக இல்லை. தினம் சாயங்காலம் கடை மூட்டைமேல் உட்கார்ந்து எழுதுகிறோம். நான் ட்ரில் மாஸ்டர், என் எழுத்து கோணல். அவள் எழுத்து இப்போதே என்னுடையதைவிட நேராக வருகிறது.

தன் அப்பாவுக்கு என்னவெல்லாம் எழுதப்போகிறாள் என்று கேட்டேன். பள்ளியில் நடந்ததைத்தான் முதலில் எழுதுவாளாம். அதில் உன் பேர் வரும், நீ சொன்ன வார்த்தையும் வரும். அதை அழிக்கச் சொல்ல மாட்டேன். தபால்தலை ஒட்டி, நானே கொண்டுபோய்ப் பெட்டியில் போடுவேன்.

உன் தங்கையைக் கட்டியவன்,
உன் மச்சான்
சவரிமுத்து