ஓடாத தூரம்

திண்டுக்கல்,
3.2.2004

அன்புத் தங்கை ரெஜினாவுக்கு,

உன் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா? சென்ற கடிதத்தில் நீ தேதி போடவில்லை. நான் விடுதி வேலையோடு நலமாக இருக்கிறேன்.

உன் அத்தானைக் கொண்டுபோன ரத்தப் புற்றுநோயின் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டும் பத்து கிலோமீட்டர் ஓட்டம் வரும் ஞாயிறு நடக்கிறது. நான் ஓடுவதற்காகப் பணம் தருவதாக நாற்பது பேர் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். முழுத் தூரமும் ஓடினால்தான் வாங்குவேன் என்று நானே சொல்லிவிட்டேன்.

நேற்று செம்பட்டிச் சாலையில் பயிற்சியின்போது, ஆறாவது கிலோமீட்டரில் வலது முழங்கால் மடங்க மறுத்தது. பெரிதாக ஒன்றுமில்லை. அறுபத்தாறு வயது முழங்கால் அல்லவா? எங்கள் விடுதி மாணவியின் தகப்பனார், ஒட்டன்சத்திரம் காய்கறி வியாபாரி சோலைமுத்து, தம் லாரியில் ஏற்றி வந்தார்.

“ஏனுங்க வார்டனம்மா, நீங்க ஓடுனா என்னங்க, ஒக்காந்தா என்னங்க? பணத்த இப்பவே வாங்கிக்கங்க.”

“ஓடாத தூரத்துக்கு நான் கை நீட்ட மாட்டேன்.”

“அப்ப ஆராய்ச்சிக்குத்தானுங்க நட்டம்” என்றார்.

இறுக்கமான முழங்கால் பட்டை ஒன்று வாங்கு. தபாலில் வேண்டாம், சனிக்கிழமை நீயே கொண்டு வா. நடுவில் நான் நின்றுவிட்டால், அந்த நாற்பது பேரிடமும் நீ போய்ப் பணத்தை வாங்கி ஆராய்ச்சிக்குச் சேர்த்துவிடு. என் வாயால் கேட்க முடியாது.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது.

உன் அக்கா,
பிலோமினா